அளவுக்கு ஓர் ஆள்

முதன்முதலில் இதை எனக்குச் சொன்னவர் சந்தோஷம் அக்கா. எப்சிபா அப்போது என் வயிற்றில் இருந்தாள், சித்திரை வெயில், சுண்ணாம்புச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் பெண்கள் ஜெபக்கூட்டம். அக்கா ஊழியக்காரி, பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வீடாக வருவார், குடையை மடக்கியதும் முதலில் தண்ணீர் கேட்பார், ஜெபம் அதற்கப்புறம்தான். அன்றைக்குச் செம்பை வாங்கும்போது கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்த்துவிட்டார். நத்தை மாதிரிச் சுருண்ட கல், ஒரு சின்னத் தட்டு அகலம். சுரங்கத்தில் வெடி வைத்தபோது புரண்டு விழுந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் தூக்கி வந்து போட்டது. "என்ன தாயி இது?" என்றார். "நத்தைக்கல்லுக்கா, காத்துக்குக் கதவு அடிச்சுக்காம இருக்க." அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கல்லை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார், பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல. "இது கடல் பிராணி. கடல் எங்க இருக்கு, நீ எங்க இருக்க?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நான் தரங்கம்பாடியில் பிறந்தவள், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து அதே கேள்வியைத்தான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். கிணறு வெட்டினால் கிளிஞ்சல், வாய்க்கால் தோண்டினால் கிளிஞ்சல், அலைச் சத்தம் மட்டும் எங்கும் இல்லை. அக்கா சொன்னார், பூமியைத் தண்ணீர் மூடின காலம் ஒன்று இருந்தது, கீழேயிருந்தும் பீறிட்டது மேலேயிருந்தும் கொட்டியது, ஆண்டவர் சொல்லிக் கட்டின மரக்கப்பல், அந்தப் பேழைக்குள் இருந்த குடும்பம் தவிர மற்றதெல்லாம் சேற்றுக்குள் போயிற்று, அரிசி களைந்த தண்ணீர் தெளியும்போது கசடு அடியில் தங்குகிற மாதிரி அந்தச் சேறு படிந்து படிந்து பாறையானது, உலகத்துக்கு வயது ஆறாயிரம் சொச்சம்தான், இந்த நத்தை அந்த வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. "இதை விசுவாசிக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார். எங்கள் சபையில் எழுந்து நிற்பது என்றால் லேசான காரியம் இல்லை. வாயால் ஆமென் சொல்லிவிட்டு மறக்கலாம், எழுந்து நின்றால் சாட்சி. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் கை ஊன்றி எழுந்தேன். எப்சியும் உள்ளே சேர்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

அந்த எப்சிதான் இப்போது எனக்குக் கீழே ஓடைக்குள் தொப்பி போட்டுக்கொண்டு மண்சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். நான் மேட்டில் சாக்கு விரித்துக் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. காரை ஓடை என்றால் ஓடை மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டினமட்டும் மேடும் பள்ளமும், யாரோ பெரிய சீப்பால் வாரிவிட்ட மாதிரி மழை கீறின மண், ஒரு புல் முளைக்காது. அங்கங்கே உப்புக்கட்டி போல் ஒன்று தரையில் மின்னுகிறது, அது ஜிப்சம் என்று எப்சி சொன்னாள். பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் எப்சி, கூட வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல், இந்தப் பொட்டலுக்குத் தனியாகப் போகாதே என்று நான்தான் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். ஏறும்போது நல்ல மனசோடுதான் ஏறினேன். வந்து இறங்கிப் பையைத் திறந்தவள், "ஐயோ, அளவுகோல் அவ ரூம்லயே இருக்கு" என்றாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கோல், அதைப் பாறைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் பாறை எவ்வளவு உயரம் என்று தெரியுமாம், இல்லையென்றால் மலையா மடுவா என்று தெரியாதாம். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ நில்லேன். கோல் இல்லாதப்ப ஆளை நிறுத்துறது வழக்கம்தான். அளவுக்கு ஓர் ஆள்." எங்கே நிற்கணும் என்று எழுந்துவிட்டேன். அவள் கை காட்டிய சுவரைப் பார்த்தேன். வரி வரியாக, பழுப்பு, சாம்பல், மறுபடி பழுப்பு, நடுவில் கிளிஞ்சல் நெருக்கி அடைத்த ஒரு பட்டை. "இந்தப் படம் எதுல வரும்?" என்று சும்மாதான் கேட்டேன். "என் ஆய்வுல வரும்மா. கீழ எழுதுவோம்ல, பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தின கடல் படிவுன்னு." நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூட்டு வலி என்று நினைத்தாளோ என்னவோ, "சரி சரி, அவசரமில்ல, சுவர் மேற்கு பாத்தது, நிழல் விலகணும், வெயில் நேரா விழுந்தாதான் வரி தெரியும், சாப்டுட்டு எடுக்கலாம்" என்று இறங்கிப் போய்விட்டாள். அப்போது ஆரம்பித்தது இது. நிழல் இன்னும் சுவரின் பாதியில் நிற்கிறது. ஆண்டவரே, அந்த நிழல் விலகுவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரணும்.

நிற்க மாட்டேன் என்றால் அவள் கோபப்பட மாட்டாள். அதுதான் கஷ்டம். ஆசீராக இருந்தால், அவன் என் பெரியவன், ஓசூரில் இருக்கிறான், "உனக்கு வேற வேலை இல்லையாம்மா" என்று கத்திவிட்டு அஞ்சு நிமிஷத்தில் காப்பி கேட்பான். இவள் சரி என்பாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எதையாவது தேடுவாள். சுவர் வேறு காத்திருக்காது, அடுத்த மழையில் இடிந்து விழுந்துவிடும் என்று அவளே சொன்னாள், இந்தக் கிளிஞ்சல் பட்டை இவ்வளவு துலக்கமாக வெளியே தெரிவது இந்த வருஷம்தானாம், அதற்குத்தான் இவ்வளவு ஓட்டம். வடக்கே கருத்துக்கொண்டு வருகிறது. மழை பெய்யட்டும் என்று ஜெபிக்கிற ஊர் இது, நான் பெய்ய வேண்டாம் என்று ஜெபிக்க முடியுமா. நின்றால் என்ன? நான் பாட்டுக்கு நிற்பேன், அவள் பாட்டுக்கு எழுதுவாள். ஆனால் நிற்கிறது நான் இல்லையா, என் சேலை, என் முகம், அதுக்குக் கீழே அந்த எண். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் புத்தகத்தைத் திறந்து, பார், இந்த அம்மாவும் நின்று சொல்கிறார் என்று நினைத்தால்? பத்துக் கோடி. அதை நினைத்துப் பார்க்க முயற்சி செய்வேன் சில நேரம், மாவாட்டும்போது. ஆறாயிரம் என்றால் மனசு போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது, ஒரு பாட்டன் அவனுக்கு ஒரு பாட்டன் என்று கைப்பிடி மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள். பத்துக் கோடி என்றால் கைப்பிடி இல்லாத கிணறு. எப்சி சிரிப்பாள், "உனக்கு எண்ணத் தெரியலன்னா கல்லுக்கு வயசு இல்லன்னு ஆயிடுமா?" என்று ஒருமுறை கேட்டாள், கொஞ்சலாகத்தான் கேட்டாள். நானும் விடவில்லை. தரங்கம்பாடியில் மட்டி ஆய்ந்து வளர்ந்தவள் நான். செத்த மட்டி வாயைப் பிளந்துவிடும், உயிரோடு இருப்பதுதான் இறுக மூடியிருக்கும், பிளந்ததைக் குழம்பில் போட மாட்டோம். இங்கே கல்லாகிக் கிடப்பதில் பாதி இறுக மூடிக்கொண்டல்லவா கிடக்கிறது, அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போதே சேறு வந்து அமுக்கியிருக்கிறது, அது வெள்ளம் இல்லாமல் என்ன என்றேன். அவள் கல்லைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, "உண்மைதாம்மா, இதெல்லாம் திடீர்னு மூடினதுதான், அதை நாங்களும் எழுதுறோம். ஆனா ஒரே தடவை இல்ல, பல தடவை, நடுவுல ரொம்ப ரொம்ப அமைதியா இருந்திருக்கு" என்றாள். அமைதியா என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு தடவை போதாதா. பேழைக்குள் இருந்த அந்த அம்மாவைத்தான் நான் அதிகம் நினைப்பேன், பேர்கூட இல்லாத அந்த மனைவியை. வெளியே உலகம் மூழ்குகிறது, உள்ளே இவள் அத்தனை பேருக்கும் சமைக்கணும், மருமகள்கள் மூன்று பேருக்கும் வாந்தி, புருஷன் மேல்தளத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அக்கம்பக்கத்தில் பழகின பெண்களின் குரல் கேட்டிருக்கும், கொஞ்ச நேரம் கேட்டிருக்கும், அப்புறம் கேட்டிருக்காது. தண்ணீர் வடிந்து இறங்கி வந்தவள் காலடியில் இந்த மாதிரிதான் கிளிஞ்சல் கிடந்திருக்கும். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்திருப்பாள். எடுத்திருப்பாள், பெண்பிள்ளை எடுக்காமல் இருப்பாளா.

நானும் ஒன்றை எடுத்தேன். விரல் நீளம், ஒரு முனை கூர், தேய்ந்த பென்சில் மாதிரி. இதுவும் ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்ததுதானாம், கணவாய்க்குள் ஓடு இருக்குமே அந்த மாதிரி. கையில் குளிர்ச்சியாக இருந்தது, சுற்றிலும் இவ்வளவு வெயில், உள்ளே குளிர்ச்சி. ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் மேட்டின் மேல் ஏறி வந்தாள், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், தலையில் துண்டை மடித்துப் போட்டிருந்தாள். "என்னக்கா, புதையலா?" என்றாள். "இல்லம்மா, எம்மக படிப்புக்கு." "படிப்புக்கா, இந்த வெயில்லயா? போன தடவையும் பஸ்ஸு நெறயா வந்து எறங்குச்சுங்க, கல்லப் பொறுக்கி நக்கிப் பாக்குதுங்க, உப்பு பத்தலையான்னு கேட்டேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேர் பட்டு என்றாள். நக்கினால் எலும்பா கல்லா என்று நாக்கில் ஒட்டுவதை வைத்துத் தெரியும் என்று எப்சி வீட்டிலும் செய்து காட்டியிருக்கிறாள், நான் போய் வாய் கொப்பளி என்று விரட்டியிருக்கிறேன். "ஒம்மகளுக்குக் கல்யாணம் ஆச்சா?" "ஆகல." "இந்த ஓடையில எறங்குனா எப்புடி ஆவும்? கருத்துல்ல போயிருச்சு." "அவ அப்பா நெறம்மா, வெயில் இல்ல." பட்டு குனிந்து என் கையிலிருந்ததைப் பார்த்தாள். "இது நெறயா கெடக்கும். இடி விழுந்த எடத்துல மொளைக்கும்னு எங்க மாமியா சொல்லும். ஒங்க ஆளுங்க என்னா சொல்லுவீங்க?" நான் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர், பேழை, ஜோடி ஜோடியாக மிருகங்கள் எல்லாம். காது கொடுத்துக் கேட்டாள். "ஆடும் ஏத்துனாங்களா?" "ஏத்துனாங்க." "யாரு மேய்ச்சா?" "தழை ஒடிச்சு வச்சிருந்திருப்பாங்க" என்றேன். "அவ்வளவு நாளைக்கு எம்புட்டு தழை வேணும், பொம்பளைங்கதான் கெடந்து அல்லாடியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் நினைத்ததையே அவளும் நினைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆண்டவரே, அவளையும் நினைத்தருளும், பட்டு என்று பேர், ஆடு மேய்க்கிறாள்.

நிழல் இறங்கிவிட்டது, கிளிஞ்சல் பட்டையின் மேல்விளிம்பு வெளுப்பாகத் தெரிகிறது. என் நெஞ்சில் இருப்பது உண்மையில் அந்த எண் இல்லை. இதை எப்சிக்கு நான் சொன்னதே இல்லை, அவள் எண்ணோடுதான் சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இவள் அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சு கட்டிக் கடைசி மூச்சு விட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். சுரங்கத்துத் தூசி, வேறென்ன. ஊருக்குக் கொண்டு வந்து கிடத்தினபோது அவரோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல மனுஷர், என் பக்கத்தில் உட்கார்ந்து, "இயற்கைதானம்மா, பொறந்தா போய்த்தானே ஆகணும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை உள்ளே போகவே இல்லை. இயற்கை இல்லை. ஆஸ்பத்திரியில் நான் இவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சூடு போவதை என் கைக்குள்ளேயே உணர்ந்தேன், அதில் இயற்கையாக ஒன்றும் இல்லை, யாரோ வேண்டாத ஆள் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சந்தோஷம் அக்கா சொன்னது முழுசாக எனக்குப் புரிந்தது. சாவு ஆதியில் இல்லை, ஆண்டவர் அதைச் செய்யவில்லை, மனுஷன் கீழ்ப்படியாமல் போனபோது அது உள்ளே வந்தது, அதனால்தான் ஒருநாள் அதை வெளியே தள்ளவும் முடியும். இந்தச் சுவரில் இருப்பதெல்லாம் செத்தது. பட்டை பட்டையாகச் சாவு. அதெல்லாம் முதல் மனுஷன் வருவதற்குப் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாலேயே நடந்தது என்றால், ஆண்டவர் எல்லாவற்றையும் பார்த்து நல்லது என்று சொன்னபோது சாவு அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது என்று ஆகும். அப்போது அது விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். அப்போது இவள் அப்பாவை எடுத்துக்கொண்டு போனது வீட்டுக்காரன் தன் உரிமையில் எடுத்துக்கொண்டு போனது. அதை நான் எப்படி ஒத்துக்கொள்வேன். இதற்காகத்தான் நான் ஆறாயிரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கணக்குக்காக இல்லை. பிடித்துக்கொண்டு சந்தோஷமாகவும் இருக்கிறேன், அதையும் சொல்லணும், ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, அவரை மறுபடி பார்ப்பேன் என்று தெரிகிறது, காலையில் எழுந்தால் காப்பி ருசிக்கிறது.

எப்சி ஏறி வந்தாள், முகமெல்லாம் மண். தூக்கைத் திறந்தேன், புளிச்சோறும் முட்டையும். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன், சாப்பாட்டுக்கு நான் ஜெபித்தேன், அவள் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினாள், எப்போதும் மூடுவாள். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உனக்கு நிக்க இஷ்டமில்லைல?" என்றாள், சோற்றைப் பார்த்துக்கொண்டே. பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியும் என்பார்கள், பிள்ளைக்கும் தெரிந்துதான் தொலைகிறது. "வேணாம்னா வேணாம்மா. சுத்தியலை வச்சு எடுத்துக்கறேன். சுத்தியல் சின்னது, அவ்வளவு பெரிய சுவத்துக்குக் கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்ல." பரவாயில்லை என்னும்போது அப்படியே அப்பா குரல். நான் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் சொல்லாததை, முட்டை உரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "எனக்கு வருஷம் பெருசில்லடி. கோடியோ ஆயிரமோ ஆண்டவருக்கு ஒண்ணுதான். சாவுதான் எனக்கு. அது மொதல்ல இருந்தே இருந்துச்சுன்னு சொல்ற எடத்துல என்னால நிக்க முடியாது. ஒங்கப்பா போனது சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும்." அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. வடக்கே லேசாக உறுமிற்று. "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா" என்றாள். "இந்தச் சுவத்துகிட்டயும் இல்ல. நான் எத்தனையோ வாட்டி தேடிப் பாத்துட்டேன்." அப்பா இறந்த மாதத்தில் இங்கே வந்து இந்த ஓடையில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. நான் வீட்டில் அழுதுகொண்டிருந்தேன், இவள் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து அழுதிருக்கிறாள், என்னைப் போலவே அவளுக்கும் அது இயற்கையாகத் தெரியவில்லை, படிப்பு ஒன்றும் அதற்குக் குறுக்கே வரவில்லை. மனசு இளகிவிட்டது, ஆனால் இளகினதால் மட்டும் ஒரு காரியத்தில் நிற்கக் கூடாது, அதுவும் தப்பு. ஆகவே கேட்டேன், "நான் அங்க நின்னா, நான் என்ன சொல்ற மாதிரி ஆவும்? நெசமா சொல்லு." அவளும் நிசமாகவே யோசித்தாள், அவள் என்னிடம் பொய் சொன்னது இல்லை. "நீ நின்னா இந்தச் சுவர் எவ்வளவு உசரம்னு சொல்ற மாதிரி. அவ்வளவுதாம்மா. வயசைச் சொல்றது நான். கீழ என் பேர்தான் இருக்கும். தப்புன்னா என் தப்பு." "எம்பேரு?" "போட மாட்டேன். அளவுக்கு நிக்கிறவங்க உசரத்தை மட்டும் போடுவோம்."

உயரம். நான் சுவரைப் பார்த்தேன், முழுசாக வெயில் விழுந்துவிட்டது, ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கிறது. இது இவ்வளவு உயரம் என்பது நிசம். இதில் கிளிஞ்சல் இருப்பது நிசம். இங்கே தண்ணீர் நின்றது என்பதை அவளும் சொல்கிறாள், நானும் சொல்கிறேன். அந்த அளவுக்கு நான் நிற்கலாம், அதற்கு மேலே அவள் நிற்கட்டும், அவளை நீர் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே, வயிற்றில் இருந்தபோதே பார்த்துக்கொண்டவர்தானே. எழுந்து சேலையை உதறினேன். எப்சி என் கையைப் பிடித்து இறக்கினாள், மண் சரிந்தது, நான் முனகினேன், அவள் "மெதுவா, மெதுவா, ஓடிப்போற சுவர் இல்ல" என்றாள். சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றேன், வெயில் ஏறின மண் முதுகில் இதமாக இருந்தது, ஒத்தடம் கொடுக்கிற மாதிரி. காதுக்கு நேரே அந்தக் கிளிஞ்சல் பட்டை, கடல் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. "கையை எறக்கும்மா, வரி மறையுது." இறக்கினேன். "சிரிக்கலாமாடி?" "தாராளமா." அவள் பின்னாலேயே நடந்து போனாள், போகப் போகச் சின்னவளாகி, முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சொட்டு எங்கோ பக்கத்தில் விழுந்தது, மண் வாசனை வந்தது. நான் பயப்படவில்லை. நான் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறேன் என்று இருந்தது. நாலைந்து படம் எடுத்தாள். பிறகு கேமராவை மழைக்குப் பையில் போட்டுக்கொண்டே, "அவ்வளவுதாம்மா, வா. உன் உசரம் அஞ்சடின்னு போட்டுக்கறேன், கணக்குக்குச் சுலபம்" என்றாள்.

"அஞ்சடி இல்ல எப்சி, நாலடி பத்தங்குலம். அதையே போடு."